ஏற்காட்டுக் குளிரில் எஸ்ஜிபிடி பார்ப்பது

எஸ்ஜிபிடி என்பது கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம், ரத்தத்தில் அளப்போம். மார்கழிக் காலையில் அதை அளக்கும் மெஷினைப் போட்டதும் சாம்பிளை ஓட்டாதே கண்ணு. விளக்கு நிலைப்பட 20 நிமிஷம் விடு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ரீஏஜென்ட்டை (சோதனைத் திரவத்தை) 37 டிகிரிக்குக் கொண்டுவா. குளிர்ந்திருந்தால் என்சைம் மெதுவாகத்தான் வேலை செய்யும், ரிசல்ட் குறைந்து வரும். கியூவெட்டின் (ஒளி பாயும் சின்னக் குப்பியின்) வெளியே ஈரம் படிந்தால் துடைத்துவிடு.

1000 மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட், 100 சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்). கலந்து ஒரு நிமிஷம் கழித்து, 340 நானோமீட்டரில் மூன்று நிமிஷம், நிமிஷத்துக்கு ஒரு ரீடிங். ரீஏஜென்ட்டில் உள்ள என்ஏடிஹெச் என்ற பொருள் தீரத் தீர அப்சார்பன்ஸ் (ஒளியை உறிஞ்சும் அளவு) இறங்கும். ஒரு சென்டிமீட்டர் கியூவெட்டில், நிமிஷத்துக்கு இறங்கும் சராசரியை 1768-ஆல் பெருக்கு. 0.020 இறங்கினால் லிட்டருக்கு சுமார் 35 யூனிட்.

கண்ணெல்லாம் மஞ்சளாக வந்தவருக்கு நார்மல் என்று வந்தால் நம்பிவிடாதே. முதல் ரீடிங்கே அடிமட்டத்தில் இருந்து, அப்புறம் அசையவில்லையா? என்சைம் அவ்வளவு அதிகம். நீ பார்ப்பதற்குள் என்ஏடிஹெச் முழுக்கத் தீர்ந்துவிட்டது. மெஷின் இதைச் சொல்லும் என்று காத்திருக்காதே, சிலது சொல்லாது. ஒரு பங்கு சீரத்துக்கு ஒன்பது பங்கு சலைன் சேர்த்து மறுபடி ஓட்டு, பத்தால் பெருக்கு.

எல்டிஎச் (சிவப்பணுவுக்குள்ளும் நிறைய இருக்கும் இன்னொரு என்சைம்) கேட்டு சேலத்துக்கு அனுப்புவதானால் சீரத்தைப் பிரித்து அனுப்பு. 20 கொண்டை ஊசி வளைவில் முழு ரத்தம் குலுங்கினால் சிவப்பணு உடைந்து அளவு ஏறிவிடும்.