நாய் ஓயாமல் குரைத்தால்: ஒலிக்கருவியும் பயிற்சியும்

முதலில் நாய் எப்போது, எதைப் பார்த்துக் குரைக்கிறது என்று மூன்று நான்கு நாள் குறித்து வையுங்கள். அழைப்பு மணிக்குக் குரைப்பதும் தனியே விட்டால் பதறிக் குரைப்பதும் ஒன்றல்ல. பதறும் நாய்க்கு ஒலிக்கருவி (குரைப்பை நிறுத்த, நமக்குக் கேட்காத உச்ச ஒலியை எழுப்பும் அல்ட்ராசோனிக் கருவி) வேண்டவே வேண்டாம்; பயம்தான் கூடும்.

நம் காதுக்கு எட்டுவது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை. அல்ட்ராசோனிக் கருவி இந்த இடைவெளியில்தான் ஒலிக்கிறது. அது குரைப்பைச் சில நொடி நிறுத்தும், அவ்வளவே. ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். நாய் வாயை மூடித் திரும்பியதும் "போதும்" என்று மெல்லச் சொல்லி, ஒரு விநாடிக்குள் பட்டாணி அளவு தின்பண்டம் கொடுங்கள். தாமதித்தால் அடுத்த குரைப்புக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். சும்மா அழுத்திக்கொண்டே இருந்தால் அந்த ஒலி அதற்குப் பழகிப்போகும்.

மணிச் சத்தத்துக்குக் குரைக்கும் நாய்க்குக் கருவியைவிட இது மேல்: மணியை போனில் பதிவு செய்து, நாய் காதை மட்டும் நிமிர்த்தும் அளவு குறைந்த சத்தத்தில் ஒலிக்க விடுங்கள். ஒவ்வொரு ஒலிக்கும் உடனே ஒரு தின்பண்டம். 8 முதல் 10 தடவை, ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல். அமைதியாக இருந்தால் மறுநாள் ஒரு படி கூட்டுங்கள். குரைத்தால் இரண்டு படி இறக்குங்கள்.

தானியங்கிக் கருவி பக்கத்து நாயின் குரைப்புக்கும் ஒலித்து, சும்மா படுத்திருக்கும் உங்கள் நாயை மிரட்டக்கூடும். நாய் வாலை இடுக்கினாலோ, உதட்டை நக்கி ஒதுங்கினாலோ கருவியை உடனே நிறுத்துங்கள். வயதான நாய்க்கு அந்த ஒலி கேட்காமலே போகலாம். திடீரென்று தொடங்கிய குரைப்பென்றால் வலி இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.