பள்ளி மேலாண்மைக் குழு: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைமை ஆசிரியர் நீட்டும் தீர்மானப் பதிவேட்டில், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் செய்யும் முதல் தவறு. எழுதாத பக்கத்திலேயே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு.

இது தலைமை ஆசிரியரின் குழு அன்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தலைவர் பதவியும் பெற்றோருக்குத்தான். 2022இல் 20 பேருடன் அமைந்த குழு, 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேரானது. கூட்டத்தைக் கூட்டுவது தலைமை ஆசிரியரின் வேலை. முடிவெடுப்பது குழுவின் வேலை. மனைவிக்குப் பதிலாகக் கணவர் வந்து நாற்காலியில் உட்காரும் வழக்கம் ஊராட்சி மன்றங்களிலிருந்து இங்கேயும் தொற்றிக்கொண்டிருக்கிறது. அதை அனுமதிக்காதீர்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பது அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குப் பெரும்பாலும் தெரியாது.

தாழ்ப்பாள் என்றதும் இரண்டாவது தவறு நினைவுக்கு வருகிறது. ‘பள்ளிக்கு அடிப்படை வசதிகள் செய்து தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று தீர்மானம் எழுதுகிறார்கள். இதை எந்த அதிகாரியும் படித்துவிட்டுக் கோப்பில் போட்டுவிடலாம், ஏனென்றால் அதில் அவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘பெண்கள் கழிப்பறைக் கதவுகள் மூன்றில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தொட்டியிலிருந்து வரும் குழாய் உடைந்திருப்பதால் தண்ணீர் வருவதில்லை. தாழ்ப்பாள்களைப் பள்ளி மானியத்தில் வாங்கவும், குழாயைச் சரிசெய்யுமாறு வட்டார வளர்ச்சி அலுவலருக்குக் கடிதம் அனுப்பவும் தீர்மானிக்கப்பட்டது. பொறுப்பு: துணைத் தலைவர். அடுத்த கூட்டத்தில் நிலவரம் தெரிவிக்கப்படும்.’ இதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஏன் எழுத வேண்டும்? இங்கேதான் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியர் தொடர்பானவற்றை வட்டாரக் கல்வி அலுவலர் பார்க்கிறார். கட்டடமோ ஊராட்சி ஒன்றியத்தின் சொத்து; அதைப் பார்ப்பது வட்டார வளர்ச்சி அலுவலர். ஒழுகும் கூரைக்காகக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்தால், அவர் அதை மேலே ஓர் உறைக்கடிதம் வைத்து வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கே அனுப்புவார். நேராக அங்கே கொடுத்துவிட்டு, நகலைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் மட்டும் இது தலைகீழ்.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவது அடுத்தது. மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது சட்டம் குழுவுக்குக் கொடுத்த வேலை; அதைக் கேட்பது தலைமை ஆசிரியரைச் சந்தேகிப்பது ஆகாது. சமக்ர சிக்‌ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்ட விதிமுறைப்படி 31 முதல் 100 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை என்றால் 50,000. அதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு. தொகை வந்துசேராமலும் போகலாம்: பிஎம் ஸ்ரீ என்ற மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத் தகராறில் 2024-25க்கான நிதியை மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு நிறுத்திவைத்தது. அப்படியென்றால் ‘வரவில்லை’ என்பதையும் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். செலவுச் சீட்டுகளை வாங்கிப் பார்த்தபின் கையெழுத்துப் போட்டால் போதும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: உறுப்பினரானதும் வகுப்பறைக்குள் நுழைந்து ஆசிரியரை அதட்டுவது. இடமாறுதல் செய்யவோ தண்டிக்கவோ குழுவுக்கு அதிகாரம் இல்லை. ஓர் ஆசிரியர் அடிக்கடி வராவிட்டால் தேதிகளோடு தீர்மானத்தில் எழுதி அலுவலருக்கு அனுப்பலாம். அந்த ஆசிரியர் தேர்தல் பணியிலோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ இருந்தாரா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சட்டமே அனுமதிக்கிறது.

பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு. கழகத்தின் கணக்கையும் குழுவின் கணக்கையும் ஒரே நோட்டில் எழுதாதீர்கள். அரசு உதவிபெறும் பள்ளியானால் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அப்படித்தான் வைத்திருக்கிறது.

கடைசியாக, தீர்மானத்தைப் பள்ளிச் சுவருக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளைச் சேர்த்திருப்பது வெறும் மரியாதைக்கு அன்று. கிராமமானால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அந்தத் தாழ்ப்பாள்-குழாய்த் தீர்மானத்தின் நகலை அங்கே வாசிக்கச் சொல்லி, கிராம சபைத் தீர்மானமாகவும் ஏற்றிவிடுங்கள். அலுவலகத்தில் கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.