முடிவுரைக்கு முன் 'யாரிடம் செய்தார்கள்' என்று பாருங்கள்

ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் (நோயாளிகள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பயிற்சி தருபவர்கள்) ஆய்வுக் கட்டுரையைத் திறந்ததும் நேராக முடிவுரைக்குத் தாவுவதுண்டு. அதற்கு முன், யாரைச் சேர்த்தார்கள், எவ்வளவு நேரம் பயிற்சி கொடுத்தார்கள் என்று தேடுங்கள்.

பக்கவாதத்துக்குப் பின், நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு பலவீனமான கையை வேலை செய்ய வைக்கும் முறையைப் பார்ப்போம். 2006-இல் வெளியான அமெரிக்காவின் எக்ஸைட் ஆய்வில் 222 பேர். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள். மணிக்கட்டைக் குறைந்தது 10 டிகிரியாவது தாங்களே நிமிர்த்த முடிந்தவர்கள், விரல்களிலும் கொஞ்சம் அசைவு இருந்தவர்கள். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறை போட்டிருப்பது இலக்கு. பயிற்சி நாளுக்கு 6 மணி நேரம் வரை! பலன் ஓராண்டுக்குப் பிறகும் தெரிந்தது.

ஆக, விரலே அசையாதவருக்கு இந்த ஆதாரம் பொருந்தாது. உறை மாட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

சரி, அசைவு இருக்கிறது, ஆனால் வாரம் மூன்று முறை அரை மணி நேரம்தான் பயிற்சிக்கு வர முடியும் என்றால்? அதற்கும் ஆய்வுகள் உண்டு: அந்த அரை மணி நேரப் பயிற்சியோடு, வீட்டில் 10 வாரம், வாரத்தில் 5 நாள், தினம் 5 மணி நேரம் மட்டும் நல்ல கையைக் கட்டுப்படுத்துவது. சிறிய ஆய்வுகள்தான். ஆனாலும் வெளிநோயாளிகளுக்கு இதுதான் நடக்கக்கூடியது என்பேன்.

தொடங்கும் முன் பாக்ஸ் அண்ட் பிளாக் சோதனை செய்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சிறு கட்டைகளைப் பெட்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்; சில வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அப்புறம், நடக்கும்போது தடுமாறுபவருக்கு உட்கார்ந்திருக்கும்போது மட்டும் உறை போடுங்கள்.