ஜேஆர்எஃப் வாங்கியாச்சு, பணம் எங்க? ஜாயினிங் ரிப்போர்ட்ல இருந்து முதல் கிரெடிட் வரைக்கும்

நெட் எக்ஸாம் (காலேஜ் வாத்தியார் வேலைக்கும் பிஎச்டி ஃபெலோஷிப்புக்கும் எழுதற தேசிய தேர்வு) எப்படி பாஸ் பண்றதுன்னு சொல்ல யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. பாஸ் ஆனப்புறம் ஜேஆர்எஃப், அதாவது பிஎச்டி பண்றவங்களுக்கு மாசாமாசம் தர்ற உதவித்தொகை, அந்தக் காசை எப்படி கையில வாங்கறதுன்னு சொல்லத்தான் ஆள் இல்ல. எனக்கு ஜாயின் பண்ணி ஏழு மாசம் கழிச்சுதான் முதல் கிரெடிட் கண்ணுல பட்டுச்சு. அதுல ரெண்டு மாசம் யுனிவர்சிட்டி ஆபீஸ்ல ஃபைல் தூங்குனது, மீதி அஞ்சு மாசம் முழுக்க என் தப்பு. அந்த அஞ்சு மாசம் உங்களுக்குப் போகக்கூடாதுன்னுதான் இதை எழுதறேன்.

வயசு வரம்பு, 55% மார்க் கதையெல்லாம் நோட்டிஃபிகேஷன்ல இருக்கு, அதுக்குள்ள போகல. இது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தர்ற ஜேஆர்எஃப் பத்தினது மட்டும். 2023 ஜனவரி 1ல இருந்து மொதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் எஸ்ஆர்எஃப் (அடுத்த கட்டமான சீனியர் ஃபெலோஷிப்) ஆனா 42,000, எல்லாம் சேர்த்து மொத்தம் அஞ்சு வருஷம்.

ஸ்டெப் 1: ரிசல்ட்ல என்ன எழுதியிருக்குன்னு மெதுவா படிங்க

2024 ஜூன்ல இருந்து நெட் ரிசல்ட் மூணு வகையா வருது. ஜேஆர்எஃப், அசிஸ்டன்ட் புரொஃபசர், பிஎச்டி அட்மிஷன் மூணும் சேர்த்து ஒண்ணு. அசிஸ்டன்ட் புரொஃபசரும் பிஎச்டி அட்மிஷனும் இன்னொண்ணு. வெறும் பிஎச்டி அட்மிஷன் மட்டும் மூணாவது. காசு மொதல் வகைக்கு மட்டும்தான். இதை எதுக்கு சொல்றேன்னா, போன மாசம் கமென்ட்ல ஒரு தங்கச்சி "அக்கா நான் குவாலிஃபை ஆயிட்டேன், ஃபெலோஷிப்புக்கு எங்க அப்ளை பண்ணனும்"னு கேட்டிருந்தாங்க, கடைசியில பாத்தா மூணாவது வகை. சொல்றதுக்கே கஷ்டமா போச்சு.

ஜேஆர்எஃப் அவார்டு லெட்டர் மூணு வருஷம் செல்லும். அதுக்குள்ள ஃபுல் டைம் பிஎச்டில சேந்துடணும், பார்ட் டைம்னா கிடையாது. ஏற்கனவே பிஎச்டி பண்ணிட்டு இருக்கும்போது ஜேஆர்எஃப் வந்தா, சேந்த தேதியில இருந்து பின்னாடி கணக்கு போட்டு தர மாட்டாங்க, சேந்த தேதி, நெட் ரிசல்ட் வந்த தேதி, ரெண்டுல எது லேட்டோ அதுல இருந்துதான் கணக்கு.

ஸ்டெப் 2: ஜாயினிங் ரிப்போர்ட்

பிஎச்டில சேந்துட்டேன்னு யுனிவர்சிட்டி ஆபீஸ்ல குடுக்கற ஃபார்ம் இது. அதுல கைடு, ஹெச்ஓடி, ரெஜிஸ்ட்ரார்னு வரிசையா கையெழுத்து. கூட அவார்டு லெட்டர், பிஎச்டி அட்மிஷன் ஆர்டர், ஆதார், பேங்க் பாஸ்புக் மொதப் பக்கம், வேற எந்த ஃபெலோஷிப்பும் சம்பளமும் வாங்கலன்னு ஒரு உறுதிமொழி. ஏற்கனவே வேற ஏதாவது ஃபெலோஷிப் வாங்கிட்டு இருந்தா, உதாரணத்துக்கு ஐசிஎஸ்எஸ்ஆரோ (சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு) மாநில அரசோட முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையோ, அதை மொதல்ல எழுத்துப்பூர்வமா விட்டுட்டு அந்த லெட்டர் காப்பியோட வாங்க. ரெண்டையும் சேர்த்து வாங்கிட்டு அப்புறம் மாட்டுனா திருப்பிக் கட்டணும்.

எதைக் குடுத்தாலும் ரெண்டு செட் எடுத்துட்டுப் போய் ஒண்ணுல சீல் போட்டு தேதியோட வாங்கிக்கோங்க. "குடுத்தேனே சார்"னு வாயால சொல்றதுக்கு ஆபீஸ்ல மரியாதையே கிடையாது.

ஸ்டெப் 3: இனிஷியல்

இந்த இனிஷியல் தலைவலி நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே வந்தது. பத்தாவது மார்க்ஷீட்ல எஸ். கவிதா, ஆதார்ல கவிதா எஸ், பேங்க்ல கவிதா சுப்பிரமணியன்னு இருந்தா நமக்கு மூணும் ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு அது மூணு கவிதா. ஆபீஸ்ல சூப்பரின்டெண்டன்ட் மேடம் என் மூணு பேப்பரையும் டேபிள்ல பக்கத்துல பக்கத்துல பரப்பி வச்சு, பேனாவால ஒவ்வொண்ணா தட்டி, "ஏம்மா, இதுல நீ யாரும்மா?"ன்னு கேட்டாங்க.

எதை மாத்தறதுன்னு குழம்பாதீங்க. அவார்டு லெட்டரும் மார்க்ஷீட்டும் மாத்தறது பெரும்பாடு, அதனால அதை அப்படியே வச்சுட்டு ஆதாரையும் பேங்க்கையும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. மொதல்ல ஆதார், அது அப்டேட் ஆனப்புறம் அந்தக் காப்பியை வச்சு பேங்க். நான் தலைகீழா பேங்க்ல ஆரம்பிச்சேன், அவங்க "ஆதார்ல என்ன இருக்கோ அதான்"னு திருப்பி அனுப்பிட்டாங்க.

ஸ்டெப் 4: ஆதார் சீடிங் (இங்கதான் நான் விழுந்தேன்)

அந்த அஞ்சு மாசம் போனது இங்கதான். பேங்க் அக்கவுன்ட்ல ஆதார் "லிங்க்" ஆகியிருக்கறது வேற, "சீட்" ஆகியிருக்கறது வேற. கேஒய்சிக்கு ஆதார் குடுத்திருந்தா அது லிங்க், அப்படி நாலு பேங்க்ல குடுத்திருக்கலாம். ஆனா ஆதார் நம்பரை வச்சு அரசாங்கம் பணம் போடும்போது அது எந்த அக்கவுன்ட்டுக்குப் போகணும்னு என்பிசிஐ (பேங்க்குகளுக்கு நடுவுல பணப் பரிமாற்றத்தை நடத்தற அமைப்பு) மேப்பர்ங்கற ஒரு பட்டியல்ல வச்சிருக்கு, அதுல ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு பேங்க்தான் இருக்கும், கடைசியா எதை சீட் பண்ணீங்களோ அது. ஃபார்ம்ல நீங்க எந்த அக்கவுன்ட் நம்பர் எழுதியிருந்தாலும் ஆதார் வழியா வர்ற பணம் மேப்பர் சொல்ற இடத்துக்குத்தான் போகும்.

எனக்கு என்ன ஆச்சுன்னா, யுஜி படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காக காலேஜ்லயே கேம்ப் போட்டு ஒரு ஜீரோ பேலன்ஸ் அக்கவுன்ட் ஓப்பன் பண்ணிக் குடுத்தாங்க. அந்த பாஸ்புக் வீட்ல எங்க இருக்குன்னுகூட தெரியாது, அதுல குடுத்த மொபைல் நம்பர் அப்பாவோட பழைய நம்பர், அது கட் ஆகி வருஷக்கணக்காச்சு. ஆபீஸ்ல "உனக்கு போட்டாச்சே"ங்கறாங்க, என் அக்கவுன்ட்ல ஒரு ரூபா இல்ல, எஸ்எம்எஸ்ஸும் இல்ல. நான் பாட்டுக்கு லேட் ஆகுதுன்னு உக்காந்திருந்தேன், ஃபிரண்ட்ஸ்கிட்ட கடன் வாங்கி ஹாஸ்டல் மெஸ் பில் கட்டிட்டு இருந்தேன், அந்தப் பக்கம் பணம் மாசாமாசம் அந்த மறந்துபோன அக்கவுன்ட்ல போய் விழுந்துட்டு இருந்திருக்கு.

செக் பண்ண ரெண்டு நிமிஷம் போதும். மைஆதார் தளத்துல லாகின் பண்ணி "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" பாருங்க, எந்த பேங்க், ஆக்டிவ்வா இல்லையான்னு காட்டும். இன்டர்நெட் இல்லாட்டி போன்ல *99*99*1# அடிச்சு ஆதார் நம்பர் குடுத்தாலும் சொல்லும். வேற பேங்க் பேர் வந்தா, நீங்க இப்ப யூஸ் பண்ற பேங்க்குக்கு நேர்ல போய் ஆதார் சீடிங் ஃபார்ம்னு கேட்டு வாங்கி, பழைய பேங்க்ல இருந்து இங்க மாத்தணும்னு டிக் பண்ணிக் குடுங்க. "லிங்க் ஆகித்தான் இருக்கு"ன்னு கவுன்ட்டர்ல சொன்னா நகராதீங்க, "டிபிடிக்கு என்பிசிஐ மேப்பிங் வேணும் சார்"னு அந்த வார்த்தையையே சொல்லுங்க (டிபிடின்னா அரசாங்கப் பணம் நேரா அக்கவுன்ட்டுக்கு வர்ற முறை). ஒரு வாரம் கழிச்சு மறுபடி ஸ்டேட்டஸ் பாருங்க.

அப்டேட்: இதைப் படிச்சிட்டு மூணு பேர் செக் பண்ணி, மூணு பேருக்கும் வேற பேங்க்னு எழுதியிருக்காங்க. ஒருத்தருக்கு கேஸ் மானியத்துக்காக எப்பவோ அம்மா கூட்டிட்டுப் போய் சீட் பண்ணதாம்.

ஸ்டெப் 5: மாசாமாசம் கன்ஃபர்மேஷன்

ஜாயினிங் ரிப்போர்ட் போனதும் யுனிவர்சிட்டில உங்க டீடெய்ல்ஸை கனரா பேங்க்கோட ஃபெலோஷிப் போர்ட்டல்ல ஏத்துவாங்க. அங்க மேக்கர், செக்கர்னு ரெண்டு பேர். மேக்கர் ஏத்துவார், செக்கர் அப்ரூவ் பண்ணுவார். இது ஒரு தடவையோட முடியற வேலை இல்ல, ஒவ்வொரு மாசமும் "இவர் இருக்கார், பணம் போடலாம்"னு கன்ஃபர்ம் பண்ணணும். அதுக்கு டிபார்ட்மென்ட்ல இருந்து அட்டென்டன்ஸ் கைடு கையெழுத்தோட போகணும். கைடு ஊர்ல இல்லன்னா அந்த மாசம் அம்போ. அதனால கைடு எப்ப கான்ஃபரன்ஸ் போறார்னு என் கேலண்டர்ல அவரைவிட கரெக்டா இருக்கும்.

இதுக்குன்னு ஆப் எல்லாம் வேண்டாம், நான் நாலு போட்டுப் பாத்து தூக்கிட்டேன். ஒரு கூகுள் ஷீட்ல மாசம், அட்டென்டன்ஸ் குடுத்த தேதி, மேக்கர், செக்கர், கிரெடிட் ஆன தேதி, தொகைன்னு ஆறு காலம் (நெடுவரிசை) போதும். ஆபீஸ்ல போய் "பணம் வரல சார்"னா "வரும் வரும்"பாங்க. "ஆகஸ்ட்டும் அக்டோபரும் வந்துருச்சு, நடுவுல செப்டம்பர் மட்டும் விட்டுப்போச்சு சார்"னா எழுந்து கம்ப்யூட்டரைப் பாப்பாங்க.

இது சம்பளம் மாதிரி ஒண்ணாம் தேதி வராது, சில சமயம் மூணு நாலு மாசம் சேந்து மொத்தமா வரும். மொத்தமா வர்றப்ப பணக்காரங்க மாதிரி இருக்கும், ஏமாந்துடாதீங்க. எங்க லேப்ல ஒரு அண்ணன் அரியர்ஸ்ல பைக் வாங்கிட்டு அடுத்த மூணு மாசம் பெட்ரோலுக்கு எங்ககிட்ட கேட்டார். மூணு மாச செலவை தனியா இன்னொரு அக்கவுன்ட்ல போட்டுட்டு மீதியைத் தொடுங்க.

வீட்டு வாடகைப் படி

ஹாஸ்டல்ல இருந்தா கிடையாது. ஹாஸ்டல் குடுத்தும் நீங்க வேண்டாம்னு வெளிய தங்கினாலும் கிடையாது, இது நிறைய பேருக்குத் தெரியல. ஹாஸ்டல் இடம் இல்லன்னு வார்டன்கிட்ட எழுதி வாங்கி வச்சுக்கோங்க. ஊருக்கு ஊர் சதவீதம் மாறும், அதுக்காக ஊர்களை எக்ஸ், ஒய், இசட்னு மூணு வகையா பிரிச்சிருக்காங்க: சென்னை எக்ஸ், கோவை, மதுரை, திருச்சி, சேலம் ஒய், சின்ன ஊரெல்லாம் இசட்.

கன்டின்ஜென்சி

ஆராய்ச்சிச் செலவுக்குன்னு தனியா தர்ற தொகை இது. ஹ்யுமானிட்டீஸ், சோஷியல் சயின்ஸ்னா வருஷத்துக்கு 10,000, மொதல் ரெண்டு வருஷம் கழிச்சு 20,500. சயின்ஸ்னா 12,000, அப்புறம் 25,000. புக், கெமிக்கல், ஃபீல்டு வொர்க் டிராவல் எல்லாம் ஓகே, மேசை நாற்காலி மாதிரி ஃபர்னிச்சர் ஆகாது. பில் உங்க பேர்ல, தேதியோட இருக்கணும். ஜெராக்ஸ் கடை, பெட்ரோல் பங்க்ல குடுக்கற அந்த வழவழ பேப்பர் பில்லை மட்டும் நம்பாதீங்க, ஃபைல்ல வச்சு ஆறு மாசம் கழிச்சு எடுத்தா வெள்ளைத்தாள்தான் இருக்கும். என்கிட்ட அப்படி ஒரு கத்தை இருக்கு. வாங்குன அன்னிக்கே அடோபி ஸ்கேன்ல எடுத்துடுங்க, வாட்ஸ்அப்ல அனுப்பிக்கற போட்டோ எல்லாம் பிரின்ட் எடுத்தா நம்பர் தெரியாது.

எஸ்ஆர்எஃப் அப்கிரேடு

ரெண்டு வருஷம் முடிஞ்சா தானா 42,000 ஆயிடும்னு நெனச்சுக்காதீங்க. கைடு, ஹெச்ஓடி, வெளிய இருந்து ஒரு எக்ஸ்பர்ட், மூணு பேர் உக்காந்து உங்க வேலையைப் பாத்து மினிட்ஸ் எழுதணும். எக்ஸ்பர்ட் தேதி கிடைக்கறதுதான் குதிரைக்கொம்பு, அதனால ரெண்டு மாசம் முன்னாடியே கைடை நச்சரிக்க ஆரம்பிங்க. மீட்டிங் முடிஞ்சதும் காபி குடுக்கறதுக்கு முன்னாடி மினிட்ஸ்ல மூணு கையெழுத்தும் இருக்கான்னு அந்த ரூம்லயே பாத்துடுங்க, எக்ஸ்பர்ட் பஸ் ஏறிட்டா அப்புறம் கொரியர்தான்.