கொல்லைக்கு வரும் மூசாங்கும் எலித் தொல்லையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கொல்லையைத் தாண்டினால் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம். இருட்டியதும் அங்கிருந்து ஒரு மூசாங் (மரநாய்) வரும். பாண்டான் இலை வாசம் அடித்தால் ஐயா வந்துவிட்டார் என்று பொருள். எங்கள் பூனைக்கு வெளியே வைக்கும் தீனியை அது தின்பதில் எனக்கு வருத்தமில்லை. மிச்சத்துக்கு எலிகள் படையெடுத்ததுதான் தொல்லை. எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் உயிரையே வாங்கக்கூடியது.

பக்கத்து வீட்டு அக்கா எலிப் பாஷாணம் வைக்கச் சொன்னார். விஷம் தின்ற எலியைப் பிடிக்கும் மூசாங்குக்கும் கூகைக்கும் (ஆந்தை வகை) ஆபத்து என்பதால் மறுத்துவிட்டேன். எலியை ஒழிக்கவென்றே செம்பனைத் தோட்டங்களில் கூகைகள் தங்கிக் குஞ்சு பொரிக்கப் பெட்டி வைக்கிறார்கள். நான் அவற்றைக் கொல்வதா?

இப்போது பூனையின் தட்டு பொழுது சாயும் முன் உள்ளே வந்துவிடுகிறது. நன்றாக இருட்டிய பிறகு, ரம்புத்தான் மரக் கவையில் பாதி வாழைப்பழம் மட்டும் வைக்கிறேன். வெளிச்சத்தில் வைத்தால் குரங்குக் கூட்டம் விடாது. பாலும் சோறும் கிடையாது. தினமும் வைப்பதுமில்லை, அதற்குத் தோட்டத்தில் செம்பனைப் பழம் இருக்கிறது.

அடிமரத்தைச் சுற்றி வழுவழுப்பான தகரம் அடித்தேன். கீழிருந்து ஏறும் எலி சறுக்கி விழுகிறது. மூசாங் கூரையிலிருந்து கிளைக்குத் தாவிவிடும். கூரை எலிக்குத் தகரம் ஒரு தடையே அல்ல. அதனால்தான் மிச்சம் விழாத அளவுக்குப் பழத்தைக் குறைத்தேன். எலி நடமாட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

மதில்மேல் அது விட்டுப்போகும் விதை நிறைந்த எச்சத்தை மட்டும் கையுறை போட்டு அள்ளி, சோப்பு நீரால் கழுவிவிடுகிறேன்.