ஒரே கட்டுரை, நான்கு விதமான மேற்கோள்: துறைக்கேற்ற பாணியில் எழுதுவது எப்படி?

நான் முதன்முதலாக ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையை யாரும் படிக்கவே இல்லை, இரண்டே நாளில் திரும்பி வந்துவிட்டது. பிறர் ஆய்வைச் சான்று காட்டும் மேற்கோளில், எண் போட வேண்டிய இடத்தில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டிருந்தேன், அவ்வளவுதான் குற்றம். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: எந்தப் பாணி என்று கேளுங்கள்

ஆய்வேடு என்றால் பல்கலைக்கழக விதிமுறையையும் நெறியாளரையும், கட்டுரை என்றால் இதழின் ‘ஆசிரியர்களுக்கான குறிப்புகள்’ பக்கத்தையும் பாருங்கள். சீனியரின் ஆய்வேட்டைப் பார்த்து அப்படியே எழுத வேண்டாம், அதற்குள் விதி மாறியிருக்கலாம். ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) பாணியில் முன்பெல்லாம் நூல் வெளியான ஊரையும் எழுத வேண்டும். 2019இல் வந்த ஏழாம் பதிப்பு அதை எடுத்துவிட்டது.

படி 2: உங்கள் துறை எதைத் தேடுகிறது என்று பாருங்கள்

இது புரிந்துவிட்டால் மனப்பாடம் பாதி குறையும். உளவியல், கல்வியியல் போன்ற துறைகளில் ஒரு முடிவு பத்து வருடத்தில் பழசாகிவிடலாம். அதனால் ஏ.பி.ஏ. பாணி ஆண்டை வாக்கியத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கிறது. இந்தப் பெயர்–ஆண்டு முறையின் தொடக்கமாகப் பலரும் காட்டுவது, ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் 1881இல் ஓடில்லாத நத்தையைப் பற்றி எழுதிய கட்டுரையை!

இலக்கியத்தில் ஆண்டைவிட, அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். அங்கே எம்.எல்.ஏ. பாணி. (சட்டமன்ற உறுப்பினர் அல்ல, அமெரிக்காவின் நவீன மொழிகள் சங்கம்.) இதில் பெயரும் பக்க எண்ணும் மட்டும் வரும். சங்க இலக்கியத்திலும் திருக்குறளிலும் பக்க எண்கூட உதவாது, பதிப்புக்குப் பதிப்பு மாறும். ‘குறள் 391’ என்றால் யார் பதிப்பிலும் ‘கற்க கசடற’ கிடைத்துவிடும்.

வரலாற்றாய்வாளர் ஆவணக்காப்பகத்தில் கோப்பு எண், நாள், துறை என்று நீளமாகக் குறித்துக்கொண்டு வருவார். அதையெல்லாம் ஓர் அடைப்புக்குறிக்குள் திணிக்க முடியாது. எனவே சிகாகோ (சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம்) பாணியின் அடிக்குறிப்பு. மருத்துவத்தில் ஒரே வாக்கியத்துக்கு எட்டு ஆய்வுகள் சான்றாக வரும். எட்டுப் பெயரும் எழுதினால் வாக்கியம் காணாமல் போய்விடும், அதனால் பெயருக்குப் பதில் எண். 1978இல் மருத்துவ இதழ் ஆசிரியர்கள் கனடாவின் வான்கூவரில் கூடிப் பேசியதிலிருந்து வளர்ந்த எண் முறைக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. பொறியியலின் ஐ.இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியாளர்கள் கழகம்) பாணியும் எண்தான், ஆனால் சதுர அடைப்புக்குறிக்குள்.

சட்டம் தனி உலகம். ‘ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461’ என்றால் ஆல் இந்தியா ரிப்போர்ட்டர், 1973, உச்ச நீதிமன்றப் பகுதி, பக்கம் 1461. அங்கே இருப்பது கேசவானந்த பாரதி வழக்குத் தீர்ப்பு.

படி 3: ஒன்றையே நான்கு விதமாக எழுதிப் பழகுங்கள்

டி.என்.ஏ.வின் வடிவத்தைச் சொன்ன வாட்சன்–கிரிக் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். நேச்சர் இதழ், 1953, தொகுதி 171, பக்கம் 737–738. உங்கள் கட்டுரைக்குள் அது இப்படி வரும்:

ஏ.பி.ஏ.: (வாட்சன் & கிரிக், 1953)
எம்.எல்.ஏ.: (வாட்சன் மற்றும் கிரிக் 737)
ஐ.இ.இ.இ.: [1]
சிகாகோ: வாக்கிய முடிவில் மேலே சிறிய எண், பக்கத்தின் அடியில் முழு விவரம்

ஏ.பி.ஏ.வில் பெயருக்குப் பின் காற்புள்ளி உண்டு, எம்.எல்.ஏ.வில் கிடையாது. இதையெல்லாம் பார்த்துத் திருப்பி அனுப்பும் ஆசிரியர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். கடைசிப் பட்டியலிலும் வேறுபாடு உண்டு. ஏ.பி.ஏ.வில் ‘வாட்சன், ஜே. டி.’, ஐ.இ.இ.இ.யில் ‘ஜே. டி. வாட்சன்’. முன்னதில் பட்டியல் அகரவரிசையில் போகும், பின்னதில் கட்டுரையில் வந்த வரிசையில்.

படி 4: நம் பெயர்களைக் கவனியுங்கள்

இந்தப் பாணிகள் எல்லாம் குடும்பப் பெயரை நம்பி உருவானவை. நமக்கோ இருப்பது இனிஷியல். ஆர். முருகன் என்பவர் தன் பெயரை முருகன் ராமசாமி என்று விரித்து எழுதினால், மேற்கோள் பட்டியல் தயாரிக்கும் மென்பொருள் ‘ராமசாமி, எம்.’ என்று போட்டு அப்பாவை ஆய்வாளராக்கிவிடும்! அவர் தன் கட்டுரைகளில் எந்த வடிவத்தைப் பயன்படுத்துகிறார் என்று பார்த்து, பட்டியலில் கையால் திருத்துங்கள்.

படி 5: மென்பொருளைப் பயன்படுத்துங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

சொட்டெரோ (Zotero) என்ற மேற்கோள் மென்பொருள் இலவசம், தொடங்குபவருக்கு அது போதும். விவரங்களை ஒருமுறை சேமித்துவிட்டால், பாணியை மாற்றுவது இரண்டு சொடுக்கு வேலை. எண் முறையில் எழுதுபவருக்கு இது கட்டாயம் வேண்டும். நடுவில் ஒரு சான்றைச் சேர்த்தால் அடுத்து வரும் எண்களெல்லாம் நகரும், கையால் மாற்றி மாளாது. ஆனால் இணையத்திலிருந்து இழுத்த விவரத்தில் ஆண்டோ பக்க எண்ணோ விடுபட்டிருந்தால் பட்டியலிலும் அது விடுபட்டுத்தான் வரும்.

அப்புறம், அனுப்புவதற்கு முந்தைய நாள் ஒரு பேனாவோடு உட்காருங்கள். உள்ளே வரும் ஒவ்வொரு மேற்கோளும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் இருப்பதெல்லாம் உள்ளே வருகிறதா என்று டிக் அடித்துக்கொண்டே போங்கள். டிக் விழாமல் நிற்பவை பெரும்பாலும் நீங்கள் பாதியில் வெட்டியெறிந்த பத்திகளின் மிச்சங்களாகத்தான் இருக்கும்.