முதலடிக்குப் பக்கத்தில் ஒரு ‘தேடுசொல்’ நிரல்

ஒரு சாகித்தியகர்த்தாவின் (பாட்டு இயற்றியவரின்) உருப்படிகளை எக்செலில் பட்டியலிடும்போது, முதலடிக்குப் பக்கத்தில் ‘தேடுசொல்’ என்று இன்னொரு நிரல் போடுங்கள். முதல் மூன்று சொற்களை இடைவெளியில்லாமல், நடுவில் மிகும் வல்லின மெய்யையும் எடுத்துவிட்டு அதில் எழுதுங்கள். ‘காணக் கண் கோடி’ அங்கே ‘காணகண்கோடி’. வரிசைப்படுத்துவதும் இரட்டிப்புத் தேடுவதும் இந்த நிரலில் மட்டும்தான்.

பாபநாசம் சிவனைப் போல நிறைய எழுதியவர்களுக்கு இது கட்டாயம் தேவை. புத்தகத்தில் ‘காணக் கண்’, கல்லடியிலோ கல்முனையிலோ இசை படிக்கும் பிள்ளையின் கொப்பியில் ‘காண கண்’ என்றிருந்தால், கணினிக்கு அவை இரண்டு பாட்டு. ஒற்றைச் சொல் போதாது: ‘காண வேண்டாமோ’வும் ‘காண’ என்றுதான் தொடங்குகிறது, அது ஸ்ரீரஞ்சனி இராகம், மற்றது காம்போஜி. இராகப் பெயரையும் ஒரே எழுத்தில் வையுங்கள். ‘ஸ்ரீரஞ்சனி’, ‘சிறீரஞ்சனி’ இரண்டும் கலந்தால் வடிகட்டும்போது பாதிப் பாட்டு விடுபடும்.

தொடரிலக்கத்தில் இராகத்தையோ ஆண்டையோ நுழைக்க வேண்டாம். மொசார்ட்டின் படைப்புகளுக்கு இலக்கமிட்ட கோஷல் பட்டியல் கால வரிசையில் போனதால், ஆய்வு திருந்தியபோது 183ஆம் இலக்கத்துக்கு 173டிபி என்று இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது. பதிந்த வரிசையே இலக்கமாக இருக்கட்டும்.

ஜதிஸ்வரம், தில்லானாவுக்கு இந்த முறை சரிவராது. சாகித்தியமே (பாட்டு வரியே) இல்லை, அல்லது ஒரே சொற்கட்டில் பல தொடங்கும். அவற்றுக்கு இராகம், தாளம், முதல் ஆவர்த்தன (தாளச் சுற்று) ஸ்வரம் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே சாகித்தியம் வேறு இராகத்தில் பாடப்படுவதும் உண்டு. இரட்டிப்பு என்று காட்டினாலும் இராகத்தைப் பார்க்காமல் அழித்துவிடாதீர்கள்.